ஏரிக்கரைச் சுவரில் யார் பெயர்?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையின் தெற்கே ஓர் ஏரிக்கரையில் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் கேட்கிறார். பக்கத்து ஐ.டி. நிறுவனம் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 200 ஊழியர்களைக் கூட்டிவந்து ஏரியைச் சுத்தம் செய்து, கரையோரச் சுற்றுச்சுவரில் ஓவியமும் வரைந்து தருகிறேன் என்கிறது. பதிலுக்குச் சுவரில் அவர்கள் பெயரும் லோகோவும் வரும். சங்கத்தில் பாதிப் பேர் "சும்மா வருவதை ஏன் விட வேண்டும்" என்கிறார்கள், மீதிப் பேர் "இது சுத்தமான விளம்பரம், வேண்டாம்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? பொதுவாகவே நிறுவன விளம்பரமும் இந்த மாதிரித் தன்னார்வ வேலையும் ஒரு பகுதி மக்களை என்ன செய்கின்றன?

எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம். ஒன்பது வருடம் வெளிப்புற விளம்பரத்தில் இருந்தேன்; ஹோர்டிங்குக்கு இடம் பிடிப்பதுதான் வேலை. அப்புறம் அதை விட்டுவிட்டுப் பதினான்கு வருடமாக ஏரி, கடற்கரை, அரசுப் பள்ளி என்று தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பந்தக் கடிதத்தை அவர்கள் எழுதி நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எழுதுங்கள், அவர்கள் கையெழுத்துப் போடட்டும். ஏன் என்பதுதான் இனி வருவது.

விளம்பரம் என்றால் தேவையில்லாததை வாங்க வைப்பது, அதனால் ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். ஆனால் தெருவில் விளம்பரம் செய்கிற பெரிய காரியம் வேறு. பொதுவில் இருக்க வேண்டிய பொருளுக்கு அது காசு கொடுக்கிறது. காசு கொடுப்பதால் அந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

உங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் முக்கால்வாசி குளிர்பானத்தின் பெயர், கடையின் பெயர் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். பலகை இலவசம். உள்ளே நிற்கிற கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜும் கம்பெனி கொடுத்தது. அதில் வேறு பாட்டிலை அடுக்கினால் சேல்ஸ் ரெப் வந்து முகத்தைத் தூக்குவார். அண்ணாச்சிக்கு இதில் லாபம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பன்னீர் சோடாவுக்கு அந்தக் கடையில் இருந்த இடம் போய்விட்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தார்கள் இல்லையா, அப்போது எங்கள் தெரு அண்ணாச்சி முதலில் கேட்டது "ஃபிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிடுவானா?" என்றுதான்.

பேருந்து நிழற்குடையும் இதே கதை. கட்டிப் பராமரிப்பவர் அதில் விளம்பரம் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் வந்த எஃகு இருக்கை நிழற்குடைகள் எந்தச் சாலைகளில் பளபளவென்று நிற்கின்றன, எந்தப் பகுதியில் ஜனங்கள் மின்கம்ப நிழலில் வரிசையாக நிற்கிறார்கள் என்று ஒரு நாள் பேருந்தில் வடசென்னை வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நாங்கள் சைட் பார்க்கப் போகும்போது சிக்னலில் வண்டிகள் எத்தனை நொடி நிற்கின்றன, நிற்பது காரா ஷேர் ஆட்டோவா என்று எண்ணுவோம். ஒன்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட "வியாசர்பாடியில் நல்ல சைட் இருக்கிறதா" என்று கேட்டதில்லை. இன்னொன்றும் பார்ப்போம்: பலகைக்கு முன்னால் மரக்கிளை மறைக்கிறதா. மறைத்தால் பத்து நாளில் அந்தக் கிளை இருக்காது. யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. சென்னையில் ஹோர்டிங் உரிமத்துக்கு 2003-ல் விதிகள் போட்டார்கள். விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2008-ல் உச்ச நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அதற்குப் பிறகு அண்ணா சாலையில் பலகைகள் இறங்கினபோது, பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற எனக்கே சில கட்டடங்களுக்கு மேல்மாடி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரம் 2007 ஜனவரியில் வெளிப்புற விளம்பரத்தையே தடை செய்து ஆயிரக்கணக்கான பலகைகளைக் கழற்றியது. பலகைகளுக்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்து கிடந்த குடிசைப் பகுதிகள் அதன்பிறகுதான் பிரதான சாலையில் போகிறவர்கள் கண்ணில் பட்டன. இங்கேயும் ஆற்றோரக் குடிசைகளை மறைக்கப் பலகையைப் போல வசதியான தடுப்பு கிடையாது.

இங்கே பெரிய பலகைகள் இறங்கின இடத்தில் சின்ன ஃபிளெக்ஸ் பேனர்கள் ஏறின. காதுகுத்து, மஞ்சள்நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் என எல்லாவற்றுக்கும் சதுர அடிக் கணக்கில் சல்லிசாக அடித்துக் கொடுத்தார்கள். டிராஃபிக் ராமசாமி என்று ஊரே அறிந்த பெரியவர் அவற்றைத் தன் கையாலேயே கிழித்துக்கொண்டும் வழக்குப் போட்டுக்கொண்டும் இருந்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த கல்யாண பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. அவர் தடுமாறிக் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே ஹோர்டிங்கைத் தாங்கும் இரும்புச் சட்டகம் சரிந்து, அதில் ஏறி வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடிப் பலகை பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்ததில் 17 பேர். அங்கே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40.

ஆனாலும் ஃபிளெக்ஸுக்கு ஒரு மறுபிறப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விளம்பரக் காலம் முடிந்ததும் கழற்றுகிற பையன்கள் அதைச் சுருட்டி விற்பார்கள். கூவம் ஓரக் குடிசைகளில் கூரைமேல் அந்த ஷீட்தான். மழைக்கு அதைவிட மலிவான பொருள் இல்லை. உள்ளே படுத்து அண்ணாந்து பார்த்தால் நகைக்கடை விளம்பரப் பெண் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். விளம்பரம் அந்தக் குடும்பத்துக்குத் தந்த ஒரே நேரடி நன்மை அதுதான் என்று நான் நினைப்பதுண்டு.

சரி, தன்னார்வ வேலைக்கு வருவோம்.

நம் ஊரில் அடுத்தவன் செய்த வேலைக்குப் பெயர் வாங்குவதை "ஸ்டிக்கர் ஒட்டுவது" என்போம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தச் சொல்லுக்கு ஊர் முழுக்க அர்த்தம் புரிந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்த மழை. வடசென்னை மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். யார் வீட்டுச் சமையலறை என்றே தெரியாமல் பொட்டலங்கள் வந்தன. அப்புறம் அந்தப் பொட்டலங்களின் மேல் படம் ஒட்டச் சொல்லித் தகராறு. அது கட்சிக்காரர்கள் விவகாரம், ஆனால் நிறுவனங்களும் சளைத்தவை இல்லை. நாங்கள் முடிச்சூர்ப் பக்கம் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நிறுவனத்தின் வண்டி வந்தது. பேனர் வரவில்லை என்று முக்கால் மணி நேரம் காத்திருந்து, பேனர் வந்து, கட்டி, படம் எடுத்து, அப்புறம்தான் பால் பவுடர் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பேனர் நனைஞ்சா பரவாயில்ல, பவுடர் நனையாம பாத்துக்கப்பா" என்றார்.

அதே வெள்ளத்துக்குப் பிறகு குப்பையை அள்ள வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். பலர் கையில் கையுறை இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. பத்திரிகைப் படங்களில் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான் அதிகம் வந்தோம். எங்களுக்கு அது ஒரு வாரம், அவர்களுக்கு அது தினசரி. தன்னார்வ வேலை ஒரு நகரத்துக்குச் செய்கிற கெடுதல்களில் இதை முதலில் வைப்பேன்: கூலிக்குச் செய்பவரின் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இரண்டாவது கெடுதல், பொறுப்பாளி தப்பித்துக்கொள்வது. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரையோரமாகத் தெற்கே இறங்கிவந்தது. மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நாங்கள் என்று எல்லாரும் வாளியால் அள்ளினோம். மெரினாவில் குப்பை பொறுக்கிய அதே உற்சாகம். தார் மாதிரி இருந்தது அது. என் ரப்பர் கையுறை மூன்றாவது மணி நேரத்தில் ஊறிப் பிய்ந்துவிட்டது, அப்புறம் வெறுங்கைதான். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் ஒரு வாரம் இருந்தது, தலைவலி இரண்டு நாள். பெருமையாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் கப்பலுக்குக் காப்பீடு இருக்கிறது, துறைமுகத்துக்கு அவசரத் திட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும், கடலோரத்தைக் காக்க அரசுக்குத் துறைகள் இருக்கின்றன. வாளி மட்டும் இருபது வயதுப் பிள்ளைகள் கையில். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அங்கே வாழும் மீனவர்களே மக்கில் மொண்டு அள்ளினார்கள். கிட்டத்தட்ட ஏழு வருடத்தில் வாளி மக்காக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இப்படிச் சொல்வதால் தன்னார்வமே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர் உதாரணம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி முட்டையிட்டுப் போன தடத்தைத் தேடுவார்கள். டிராக்டர் சக்கரம் ஓடியது மாதிரி ஒரு தடம் மணலில் ஏறி இறங்கும். கம்பியால் மெதுவாகக் குத்திப் பார்த்து, மண் நெகிழும் இடத்தைத் தோண்டி, நூற்றுச் சொச்சம் முட்டைகளைத் துணிப்பையில் வைத்து, பொரிப்பிடத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைப்பார்கள். 45 நாளுக்கு மேல் ஆகும் குஞ்சு வெளியே வர. வெளியே வந்த குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ஒரு காலத்தில் வெளிச்சம் கடல் பக்கம் மட்டும்தான் இருந்தது. இப்போது கரையில் தெருவிளக்கு, ஓட்டல் விளக்கு, இரவெல்லாம் எரியும் விளம்பரப் பலகை. குஞ்சு சாலைக்குப் போய் நாய்க்கோ டயருக்கோ இரையாகும். அதனால் சீசனில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லி இவர்கள் மாநகராட்சியிடம் மனுக் கொடுப்பார்கள். நடப்பது ஒரு வேலை, மனு இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்வதால்தான் நான் இவர்களை மதிக்கிறேன். முப்பது வருடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அதே மணலுக்கு வருகிறார்கள். முதல் நாள் வருகிற ஆளுக்கு ஆமை கண்ணில் படாமலே விடிந்துவிடுவதும் உண்டு. ஒரு நாள் படத்துக்கு வருகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

நிறுவனத் தன்னார்வம் ஏன் இப்படி இருப்பதில்லை? ஆட்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. வருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், வெயிலில் வாடிப்போய்க் கூடக் குப்பை பொறுக்குவார்கள். நாட்காட்டிதான் கோளாறு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி இருக்கும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஜனவரி வரை தூங்கிக்கொண்டிருக்கும் தொலைபேசி பிப்ரவரியில் அடிக்க ஆரம்பிக்கும்: "சார், மார்ச்சுக்குள்ள ஒரு ஸ்கூல் வேணும்." மார்ச் பொதுத்தேர்வு மாதம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, வெளியே டி-சர்ட் போட்ட அண்ணன்மார்கள் சுவரில் ஆப்பிளும் யானையும் வரைவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அரசுப் பள்ளியில் மூன்று வருடத்தில் மூன்று நிறுவனங்கள் ஒரே சுவரை மூன்று முறை பூசின. கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மூன்று வருடமும் எரிந்துபோய்க் கிடந்தது. தலைமையாசிரியை என்னிடம் கேட்டார்: "சார், மோட்டார் மேல யானை வரையலாம்னா யாராச்சும் வாங்கித் தருவாங்களா?"

மரம் நடுவதும் அப்படித்தான். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், எனவே ஜூன் 5-ல் நட வேண்டும். சென்னையில் அப்போதுதான் கத்திரி முடிந்திருக்கும், மண் ஓடு மாதிரி இருக்கும். இந்த ஊருக்கு மழை அக்டோபரில். வர்தா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதில் என்று நட்டதில் எத்தனை அடுத்த கோடையைத் தாண்டின என்று நட்டவர்களைக் கேட்டால் படம்தான் காட்டுவார்கள்.

சட்டம் இதை முழுக்கக் கவனிக்காமல் இல்லை. மாரத்தான், விருது, விளம்பரம் மாதிரி ஒருநாள் கூத்துகள் 2 சதவீதக் கணக்கில் வராது என்று 2014 ஜூனிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. தங்கள் பொருளைச் சந்தைப்படுத்தும் நோக்கில் ஸ்பான்சர் செய்வது கணக்கில் சேராது என்று 2021 ஜனவரி விதித் திருத்தம் சொல்கிறது. ஊழியர்களின் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுக் கணக்கில் காட்ட முடியாது என்று அதே ஆண்டு விளக்கமும் வந்தது. இதையெல்லாம் உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த 200 பேர் வருவதும் சுவர் லோகோவும் பெரும்பாலும் அவர்களுடைய விளம்பரச் செலவு, அல்லது ஊழியர் உற்சாகச் செலவு. உண்மையான 2 சதவீதப் பணம் தனியாக இருக்கிறது. சட்டமே உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. பேச்சை அந்தப் பக்கம் திருப்புங்கள். சங்கத்துக்கு நேரடியாகப் பணம் தர அவர்களால் முடியாமல் போகலாம். வருமான வரித் துறையின் அறக்கட்டளைப் பதிவுகளும் (12ஏ, 80ஜி என்பார்கள்) மூன்று வருட அனுபவமும் உள்ள ஓர் அமைப்பின் வழியாக வர வேண்டியிருக்கும். அப்படி ஓர் அமைப்பைப் பிடிப்பது கஷ்டமில்லை.

இப்போது ஓவியம். கண்ணகி நகரைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2000 வாக்கில் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் குடிசைவாசிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து துரைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் குடிவைத்த இடம், 15,000-க்கு மேல் வீடுகள். கையகல வீடு, வேலைக்கும் பள்ளிக்கும் பழைய இடத்துக்கே ஓட வேண்டிய நிலை, தண்ணீர்ப் பிரச்சினை. எல்லாவற்றுக்கும் மேல், முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை தர மாட்டார்கள் என்ற வேதனை. நாலு எட்டு நடந்தால் ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே ஹவுஸ்கீப்பிங் சீருடையில் இந்த ஊர்ப் பெண்கள், அங்கிருந்து ஞாயிறு தன்னார்வத்துக்கு இந்த ஊருக்கு வரும் பிள்ளைகள். ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள் இங்கே வந்து "பயனாளி", "தன்னார்வலர்" என்று அறிமுகமாவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "நீங்க நாலாவது மாடி அக்காதானே?" என்று ஒரு பையன் கேட்க, அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2020-ல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருவோவிய அமைப்பும் ஏஷியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையச் செய்தன. நன்றாகவே இருக்கின்றன. சிரிக்கும் குழந்தைகளை மூன்று மாடி உயரத்தில் பார்க்கும்போது மனசு லேசாகத்தான் ஆகிறது. அதற்கு முன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆட்கள் கேமராவோடு வந்தார்கள். பெயிண்ட் கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. அதில் எனக்குக் கோபமில்லை, காசு அவர்களுடையது. என் கேள்வி, படம் வரைந்த சுவருக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டுக்கும் குழாய்க்கும் அதே அக்கறை போனதா என்பதுதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அன்றைக்கு அந்த ஊர் தன் பெயரைச் சொன்ன விதத்தை எந்தச் சுவரும் கொடுத்திருக்க முடியாது. ஒரு மண் மைதானத்தில் வருடக்கணக்காகத் தினமும் வந்து நின்றவர்களால் வந்தது அது.

உங்கள் ஏரிக்குத் திரும்புகிறேன். கரையில் உங்கள் குடியிருப்பு ஒரு பக்கம். எதிர்க்கரையில் யார்? அங்கே குடிசைகள் இருக்கும், எருமை கட்டியிருக்கும், வலை போடுகிற நாலு பேர் இருப்பார்கள், துணி துவைப்பவர்கள் இருக்கலாம். அவர்கள் உங்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டதை நினைவில் வையுங்கள். "ஏரியை அழகுபடுத்துகிறோம்" என்று ஒரு பெரிய பெயர் வந்து கரையில் நின்றால், எதிர்க்கரைக்காரர்களுக்கு அது "உங்களைக் கிளப்பப் போகிறோம்" என்று கேட்கும். பல ஊர்களில் அப்படித்தான் முடிந்தும் இருக்கிறது. நடைபாதை, விளக்கு, வேலி, அப்புறம் நோட்டீஸ். ஆகவே நிறுவனத்தோடு உட்காருவதற்கு முன் எதிர்க்கரையில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏரியில் சாக்கடை எந்த மூலையில் கலக்கிறது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் அது அடுக்குமாடிகளின் குழாயாகத்தான் இருக்கும். உங்களுடையதாகக்கூட இருக்கலாம், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சாக்கடைதான் விஷயம். 200 பேர் ஒரு நாளில் கரையோர ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவார்கள், பார்க்க அருமையாக இருக்கும். சாக்கடைச் சத்து உள்ளே வந்துகொண்டே இருந்தால் இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பாகும், மிச்சம் விட்ட துண்டுகள் போதும். இழுத்துக் கரையில் போட்ட குவியலை லாரி வைத்து அகற்றாவிட்டால் முதல் மழையில் ஏரிக்கே திரும்பும். இப்படி இரண்டு ஏரிகளில் நானே ஏமாந்திருக்கிறேன், படங்கள் மட்டும் என் ஃபோனில் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்று, அந்தச் சுவர் உங்களுடையதே இல்லை. நீர்வளத் துறையினுடையதாக இருக்கும், அல்லது மாநகராட்சியினுடையதாக. அதில் விளம்பரம் எழுத அனுமதி தர உங்களுக்கு அதிகாரம் இல்லை. நாளைக்குப் பிரச்சினை வந்தால் கையெழுத்துப் போட்ட செயலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். ஏரியில் இறங்கவே துறை அனுமதி வேண்டும். எனவே கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: சுவரில் லோகோ இல்லை, நுழைவாயிலில் இரண்டடிக்கு மூன்றடிப் பலகை, ஒரு வருடத்துக்கு. பராமரிப்பு தொடர்ந்தால் பலகையும் தொடரும், நின்றால் நீங்களே கழற்றலாம். ஓவியம் வேண்டுமென்றால் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து வரையச் சொல்லலாம். சினிமா பேனர் வரைந்த பழைய கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன; அண்ணா சாலைச் சுவர்களில் 2010 வாக்கில் மாநகராட்சி பண்பாட்டுக் காட்சிகள் வரையவைத்தபோது ஃபிளெக்ஸால் வேலை இழந்த அவர்களில் சிலருக்குக் கொஞ்ச நாள் சோறு கிடைத்தது.

200 பேர் ஒரு நாள் என்பதை 20 பேர் பத்து நாள் என்று மாற்றக் கேளுங்கள். இதில்தான் பேச்சுவார்த்தை முறியும், தயாராக இருங்கள். மனிதவளத் துறைக்காரர் "எங்களுக்கு நம்பர் முக்கியம் சார்" என்பார். சரி, முதல் நாள் 200 பேர் வரட்டும், மீதி ஒன்பது மாதமும் மாதம் ஒரு ஞாயிறு 20 பேர் என்று இறங்கிவாருங்கள். அதில் ஒரு ஞாயிறு கண்டிப்பாக வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒன்று மழைக்குப் பின். ஜேசிபிக்கும் லாரிக்கும் அவர்கள் பணம் தர வேண்டும், கையுறையும் பூட்ஸும் உட்பட. கழிவுநீர்க் கால்வாய்க்குள் யாரையும் இறக்கக் கூடாது, தன்னார்வலராக இருந்தாலும் கூலியாளாக இருந்தாலும். மழைக்காலச் சேற்றில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. சாக்கடை கலக்கும் இடங்களைக் கணக்கெடுத்து, படத்தோடு குடிநீர் வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் மனுக் கொடுக்கும் வேலையில் அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். எக்செல் போடுவதில் அவர்களை மிஞ்ச முடியாது. வாளியை விட அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவும்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்வது இதில்தான். 200 பேர் காலை ஆறரைக்கு வந்து பதினொன்று வரை இருந்தால் கழிப்பறை வேண்டும், பாதிப் பேர் பெண்கள். உங்கள் கிளப் ஹவுஸைத் திறந்துவிடுவீர்களா, அங்கே எதிர்க்கரையிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களும் போகலாமா என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.